“தந்துகிகளை வலுப்படுத்தும்”: ஒரு மூலிகைச் சாற்று வாக்குறுதியின் நிகழ்வு ஆய்வு

ஹார்ஸ் செஸ்ட்நட் விதை, திராட்சை விதை, பைன் மரப்பட்டை, எலுமிச்சைத் தோல், வல்லாரை. இவற்றின் சாற்றை மாத்திரையாக்கி விற்கும் எந்த டப்பாவைப் புரட்டினாலும் ஒரு வாக்கியம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும்: “நுண்ணிய ரத்தக்குழாய்களை வலுப்படுத்துகிறது.” இந்த வாக்கியத்துக்குப் பிறந்த ஆண்டு உண்டு. 1936. பிறந்த ஊரும் உண்டு, ஹங்கேரியின் செகெட் நகரம். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது ஆய்வுலகில் தோற்றுப்போனது. தோற்ற பிறகும் செடியை மட்டும் மாற்றிக்கொண்டு சந்தையில் நடமாடுகிறது.

வழக்கமாக நிகழ்வு ஆய்வில் ஒரு நோயாளி இருப்பார். இங்கே அந்த வாக்கியமே நோயாளி. அது எந்த அறிகுறியோடு வந்தது, எந்தச் சோதனையில் தேறியது, எதில் தேறவில்லை என்று பார்க்கப் போகிறோம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாவரச் சாறுகள் நுண்குழாய்ச் சுவரை உறுதியாக்கும் என்ற பழைய கோரிக்கைக்கு ஆதாரம் நிற்கவில்லை. சிரைக் கோளாறால் வரும் கால் வீக்கத்தைச் சில சாறுகள் கொஞ்சம் குறைக்கும் என்ற வேறொரு சிறிய கோரிக்கைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. பின்னதன் ஆதாரத்தைக் காட்டி முன்னதை விற்பதுதான் இன்றுவரை நடக்கும் வேலை.

எந்தச் சுவர், என்ன கோளாறு

உடலின் மிக நுண்ணிய ரத்தக்குழாயான தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரோமீட்டர் இருக்கும் என்பதால் பல இடங்களில் அது உடம்பை மடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. சுவர் என்று பார்த்தால் ஒற்றை அடுக்கு எண்டோதீலியல் செல்கள், அவற்றைத் தாங்கும் அடித்தளச் சவ்வு, அங்கங்கே வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள், அவ்வளவுதான். உட்பக்கம் சர்க்கரையும் புரதமும் கலந்த கிளைக்கோகேலிக்ஸ் என்ற மெல்லிய பூச்சு. அடித்தளச் சவ்வுக்குப் பலம் தருவது நான்காம் வகைக் கொலாஜன்.

இந்த அமைப்பில் மூன்று விதமான கோளாறுகள் வரலாம். செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்து நீரும் புரதமும் வெளியே போவது கசிவு. சுவரே கிழிந்து சிவப்பணுக்கள் தோலடியில் சிந்தி, குண்டூசி முனை அளவுப் புள்ளிகளாகத் தெரிவது உடைவு. மூன்றாவதில் சுவர் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, நீரைப் பிதுக்கித் தள்ளும். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. “வலுப்படுத்தும்” என்ற வினைச்சொல் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. இந்த நிகழ்வில் நடந்த குழப்பத்தில் பாதி அந்தப் பைக்குள்ளேதான் கிடக்கிறது.

செகெட், 1936

ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி 1928-இல் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். பின்னர் அதுவே வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம் என்று உறுதியானது. செகெட்டுக்கு வந்த பிறகு உள்ளூர்ப் பாப்ரிகா மிளகாயில் அது ஏராளமாக இருப்பதைக் கண்டு, கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். 1937-இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

அவர் பிற்பாடு சொன்ன கதை இது. ரத்தக்கசிவு நோயால் அவதிப்பட்ட ஆஸ்திரிய நண்பர் ஒருவர், அஸ்கார்பிக் அமிலம் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். தூய படிகம் அப்போது கைவசம் போதிய அளவு இல்லை. அதனால் அமிலம் நிறைந்த பாப்ரிகாச் சாற்றை அனுப்பிவைத்தார். நண்பர் குணமானார். பின்னர் தூய அஸ்கார்பிக் அமிலம் கையில் வந்தபோது, செகெட் மருத்துவப் பேராசிரியர் இஷ்த்வான் ருஸ்ன்யாக்குடன் சேர்ந்து இதே மாதிரி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. அப்படியானால் சாற்றில் இருந்த வேறு ஏதோ ஒன்றுதான் வேலை செய்திருக்க வேண்டும்.

தர்க்கம் சரிதான். கண்டுபிடிப்புகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. அந்த வேறொன்றைத் தேடிப் போனவர்களுக்கு எலுமிச்சையிலிருந்து ஃபிளாவனாய்டு என்ற தாவரப் பொருள்களின் கலவை ஒன்று கிடைத்தது. அதற்கு சிட்ரின் என்று பெயர் வைத்தார்கள். 1936-இல் நேச்சர் இதழில் வெளியான குறிப்பின்படி, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் சிட்ரினைச் சிரைக்குள் ஊசியாகச் செலுத்தினால் இரண்டு வாரத்தில் தந்துகிகளின் எதிர்ப்பாற்றல் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. தானாக வரும் ரத்தக்கசிவு நிற்கிறது. பிளாஸ்மா புரதம் வெளியேறுவதும் நிற்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதால் வரும் ரத்தப்புள்ளிகளில் மட்டும் பலன் இல்லை. இந்தப் பொருளுக்கு ‘வைட்டமின் பி’ என்று பெயர் சூட்டினார்கள். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையின் பி வேறு. இது ‘பெர்மியபிலிட்டி’ என்ற சொல்லின் முதலெழுத்து. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுவதால், இனி இதை ஊடுருவல் வைட்டமின் என்றே அழைக்கிறேன்.

இந்தக் குறிப்பில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கசிவும் உடைவும் ஒரே மூச்சில் குணமாவதாகச் சொல்லப்படுகிறது. தனித்தனிக் கோளாறுகள் ஒரே மருந்தில், ஒரே கால அளவில் சரியாகின்றன என்றால் ஆராய்ச்சியாளருக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் சந்தேகமும் வர வேண்டும். இரண்டாவது, மருந்து போனது நேரே சிரைக்குள். இன்று அதே பெயரில் விற்பதெல்லாம் விழுங்கும் மாத்திரை. ஊசியில் கண்ட பலனை மாத்திரையின் கணக்கில் எழுதும் பழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது.

புள்ளிகளை எண்ணும் சோதனை

தந்துகியின் உறுதியை எப்படி அளந்தார்கள்? டெங்கு சந்தேகம் வந்தால் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிச் சில நிமிடம் விட்டுவைத்து, பிறகு தோலில் சிவப்புப் புள்ளிகளை எண்ணுவார்களே, ஏறக்குறைய அதேதான். பட்டையின் அழுத்தத்தை மேல், கீழ் ரத்த அழுத்த எண்களுக்கு நடுவே நிறுத்தி 5 நிமிடம் வைப்பார்கள். சிரை வழி அடைபடுவதால் தந்துகியில் அழுத்தம் ஏறும். உறுதி குறைந்த சுவர் கிழிந்து புள்ளி விழும். இன்னொரு முறையில் தோல்மேல் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி, எந்த அழுத்தத்தில் புள்ளி தோன்றுகிறது என்று பார்ப்பார்கள்.

எளிய சோதனை, செலவும் இல்லை. ஆனால் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும் காரணிகள் ஏராளம். தோலின் தடிமன், வெப்பநிலை, வயது, பட்டை கட்டிய இடம், எண்ணுபவரின் கண். தட்டணுக்கள் குறைந்தாலும் புள்ளி கூடும், ஆகவே சுவரின் குறையை மட்டும் இது தனியே பிரித்துக் காட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கை மருந்து பெற்றவருடையது என்று எண்ணுபவருக்குத் தெரிந்திருந்தால், மனம் விரும்பும் பக்கம் எண்ணிக்கை சாயும். எண்ணுபவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டியதே இல்லை. அரைப் புள்ளியைப் புள்ளியாகச் சேர்ப்பதா விடுவதா என்று கணத்தில் முடிவெடுக்கும் எவருக்கும் இது நேரும். யாருக்கு எந்த மருந்து என்பதை நோயாளியிடமிருந்தும் ஆய்வாளரிடமிருந்தும் மறைக்கும் இரட்டை மறைப்புச் சோதனை 1930-களில் இன்னும் நடைமுறையாகவில்லை.

கினிப்பன்றிகள் சொன்ன சாட்சி

மனிதரைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் தயாரிக்க முடியாத பிராணி. அந்த அமிலம் இல்லாத தீனியைப் போட்டால் ஸ்கர்வி வந்து, உடலெங்கும் ரத்தம் கசிந்து இறந்துபோகும். செகெட் குழு இப்படிப்பட்ட தீனியில் வைத்த கினிப்பன்றிகளுக்கு சிட்ரின் கொடுத்தது. அவை கொடுக்காதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன, ரத்தக்கசிவும் குறைவு. அதனால் ஸ்கர்வி என்பதே இரண்டு வைட்டமின்களின் குறைபாடு சேர்ந்து வருவது என்ற விளக்கம் பிறந்தது.

லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஜில்வா 1937-இல் இதைத் திரும்பச் செய்து பார்த்தார். பலன் தெரியவில்லை. அதே ஆண்டில் செகெட் குழுவும் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது: தீனியில் துளியளவு அஸ்கார்பிக் அமிலமாவது இருந்தால்தான் சிட்ரினின் விளைவு தெரிகிறது, சுத்தமாக இல்லாவிட்டால் எதுவும் நடப்பதில்லை.

இந்தத் திருத்தம்தான் மொத்த நிகழ்வின் திறவுகோல் என்பது என் கருத்து. அஸ்கார்பிக் அமிலம் என்ன செய்கிறது? கொலாஜன் இழைகள் முறுக்கிக்கொண்டு உறுதியாக நிற்க, அவற்றிலுள்ள புரோலின், லைசின் அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் தொகுதி ஏற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் இரும்பு இருக்கிறது. இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது அஸ்கார்பிக் அமிலம். அது தீர்ந்தால் அடித்தளச் சவ்வும் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் நலிந்து, தந்துகி கிழிகிறது. இதற்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதால் துளி மிச்சமிருந்தாலும் பிராணி சில நாள் கூடுதலாகத் தாங்கும். ஃபிளாவனாய்டுகளோ அந்தத் துளியைப் பாதுகாக்கக்கூடியவை. அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்யத் தூண்டும் செம்பு போன்ற உலோக அயனிகளை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் சுவரைத் தாங்கியது வைட்டமின் சி, அது சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொண்டது ஃபிளாவனாய்டு. பழையவற்றையெல்லாம் பொருத்திப் பார்த்தால் இந்த விளக்கத்தில்தான் அதிகம் பொருந்துகிறது.

தகராறு ஒருபக்கமாக முடிந்துவிடவில்லை. எடின்பரோவில் ஸ்கார்பரோ போன்றவர்கள் மனிதர்களிடம் அழுத்தச் சோதனை நடத்தி, ஊடுருவல் வைட்டமினுக்குத் தனிப் பங்கு உண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வைட்டமின் என்ற தகுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பொருள் ஒன்று மட்டும் உணவில் இல்லாவிட்டால் குறிப்பிட்ட நோய் வர வேண்டும், அதைத் திரும்பக் கொடுத்தால் நோய் போக வேண்டும். ஃபிளாவனாய்டுக்கு அப்படி ஒரு நோயை யாராலும் காட்ட முடியவில்லை.

ருட்டினின் காலம்

1944-இல் களம் அமெரிக்காவுக்கு மாறியது. கிரிஃபித், கௌச், லிண்டாவர் ஆகிய மூவர், உயர் ரத்த அழுத்தக்காரர்களில் தந்துகி எளிதில் உடைபவர்களுக்கு ருட்டின் என்ற ஃபிளாவனாய்டு உதவுகிறது என்று அறிவித்தார்கள். ருட்டினை முதலில் புகையிலையிலிருந்தும், பிறகு அதைவிட வசதியாக பக்வீட் செடியிலிருந்தும் எடுத்தார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து எதுவும் இல்லாத காலம் அது. மூளையிலும் விழித்திரையிலும் குழாய் வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு, குழாயைக் கெட்டிப்படுத்தும் மாத்திரை என்பது எவ்வளவு கவர்ச்சியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தத்தைக் குறைக்க வழியில்லை, குழாயையாவது பலப்படுத்துவோம் என்ற நிலை. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்த பின் ருட்டின் அந்த இடத்திலிருந்து தானாகவே நழுவியது.

1950-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் சங்கமும் ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து அமைத்த பெயரிடல் குழு, ஊடுருவல் வைட்டமின் என்ற பெயரைக் கைவிடச் சொன்னது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பழைய மருந்துகளை மறுபரிசீலனை செய்தபோது, பயோஃபிளாவனாய்டு மருந்துகள் பலனற்றவை என்று பட்டியலிடப்பட்டன. அங்கே கதை முடிந்தது. ஐரோப்பாவில் முடியவில்லை.

கணுக்கால், தண்ணீர்த் தொட்டி, மில்லிலிட்டர்

ஐரோப்பிய மருத்துவம் கேள்வியை மாற்றிக்கொண்டது. கையிலுள்ள புள்ளிகளை விட்டுவிட்டுக் கால் வீக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்தது.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும், வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கும், அழுத்தம் 30-க்குக் கீழே வரும். வால்வு பழுதானவர்களுக்கு நடந்தாலும் அழுத்தம் போதுமான அளவு இறங்காது. அந்த அழுத்தம் பின்னோக்கித் தந்துகி வரை போகும். முதலில் நீர் கசியும். நாளாக ஆகத் தந்துகிகள் நீண்டு முறுக்கிக்கொள்ளும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி அழற்சியைக் கிளப்பும், ஃபைப்ரின் என்ற உறைபுரதம் தந்துகியைச் சுற்றிப் படியும், சிவப்பணுக்கள் சிந்தி அவற்றின் இரும்பு தோலைப் பழுப்பாக்கும், கடைசியில் ஆறாத புண். 1982-இல் பிரவுஸும் பர்னண்டும் ஃபைப்ரின் படலத்தை முன்வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வெள்ளணுக்கள் சிக்கிக்கொள்வதுதான் காரணம் என்றார்கள். எப்படியானாலும், நுண்குழாயின் சேதம் இங்கே விளைவு. மூலம் பெரிய சிரையின் வால்வில் இருக்கிறது.

இந்த நோயில் அளவுகோலும் மேம்பட்டது. காலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, வெளியேறும் நீரை அளந்தால் காலின் கொள்ளளவு தெரிந்துவிடும். புள்ளி எண்ணுவதைப் போலக் கண் இங்கே ஏமாறாது.

1996-இல் லான்செட் இதழில் டீமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 240 பேர், 12 வாரம். ஒரு குழுவுக்குக் காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் காலுறை. ஒரு குழுவுக்கு ஹார்ஸ் செஸ்ட்நட் விதைச் சாறு, அதன் முக்கியப் பொருளான ஈசின் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் கிடைக்கும்படி தினம் இரண்டு வேளை. மூன்றாவது குழுவுக்கு வெற்று மாத்திரை. காலுறைக் குழுவில் கீழ்க்காலின் கொள்ளளவு சராசரியாக 46.7 மில்லிலிட்டர் குறைந்தது. சாறு எடுத்தவர்களில் 43.8 குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 9.8 மில்லிலிட்டர் கூடியது.

காலுறை போட வெறுக்கும் நோயாளிக்கும் அவரோடு மல்லுக்கட்டும் மருத்துவருக்கும் இது நல்ல செய்தி. ஆனால் எண்ணின் அளவையும் பார்க்க வேண்டும். கீழ்க்கால் சுமார் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 44 மில்லிலிட்டர் என்பது 2 சதவீதம்தான். இன்னொன்று, யார் காலுறை போட்டிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பக்கம் மறைப்புச் சோதனை சாத்தியமே இல்லை. காலுறை சரியாகப் பொருந்த வேண்டும் என்று அந்தக் குழுவுக்கு முதல் வாரம் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் கொடுக்கப்பட்டது. ஆக, சாறும் காலுறையும் சமம் என்று இதை வைத்துச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வெற்று மாத்திரையைவிடச் சாறு மேல் என்பதை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 2012-இல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, இந்தச் சாறு பற்றிய 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், குறுகிய காலத்துக்குக் கால்வலியும் வீக்கமும் குறைவது தெரிந்தது.

அப்புறம் 2020-இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு, மற்ற சிரை மருந்துகள் பலவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. டயோஸ்மின், ஹெஸ்பெரிடின், ருட்டின் வழிவந்த பொருள்கள், திராட்சை விதை, வல்லாரை, பைன் பட்டை எல்லாம் அதில் அடக்கம். 69 சோதனைகள். வீக்கம் சற்றுக் குறையக்கூடும், இதற்கு நடுத்தர நம்பிக்கை. வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை. புண் ஆறுவதில் பலன் தெரியவில்லை. பக்கவிளைவுகள், முக்கியமாக வயிற்றுக் கோளாறுகள், மாத்திரை எடுத்தவர்களிடம் கொஞ்சம் அதிகம். ஐரோப்பிய ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் 2022 வழிகாட்டுதலில், அறுவை அல்லது லேசர் செய்துகொள்ளாத, அதற்குக் காத்திருக்கும், அல்லது செய்த பின்னும் தொந்தரவு தீராத நோயாளிகளுக்கு இவற்றைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இரண்டும் முரண் போலத் தோன்றலாம். முரண் இல்லை. தொகுப்பாய்வு பலனின் அளவைச் சொல்கிறது. மாலையானால் கால் கனத்துப்போகும் ஒருவருக்கு அந்தச் சிறு பலன் போதுமா என்பதை வழிகாட்டுதல் அவரிடமும் மருத்துவரிடமும் விடுகிறது.

வயிற்றிலிருந்து தந்துகி வரை

“எப்படி வேலை செய்கிறது” என்ற பகுதிக்கு வந்தால் விளம்பரங்கள் சொல்லும் விளக்கம் அழகாக இருக்கும். தந்துகியைச் சுற்றியுள்ள பொருளைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் நொதியை ஈசின் தடுக்கிறது, ரஸ்கஸ் செடியின் சபோஜெனின்கள் எலாஸ்டேஸ் நொதியைத் தடுக்கின்றன, ஆகவே சுவர் காக்கப்படுகிறது. சோதனைக்குழாயில் இது உண்மை. ஆனால் அங்கே ஈசினுக்குத் தேவைப்பட்ட செறிவு மைக்ரோமோலார் கணக்கில் நூறைத் தாண்டுகிறது. மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் ஈசின் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு. ஒரு பொருள் உடம்பில் சேராத அளவில் செய்கிற வேலையைக் காட்டி உடம்பில் நடப்பதை விளக்க முடியாது. சிரைச் சுவரின் தசையைச் சற்று இறுக்குவது, வெள்ளணு ஒட்டுவதைக் குறைப்பது என்று வேறு விளக்கங்களும் உண்டு. கால் வீக்கம் குறைவதோடு சிரை இறுக்கம் நன்றாகவே பொருந்துகிறது. சிரை இறுகினால் ரத்தம் தேங்குவது குறையும், தந்துகியில் அழுத்தம் இறங்கும், கசிவு குறையும். இந்த வழியில் யோசித்தால் தந்துகிச் சுவர் வலுவடைந்ததாகக் கொள்ளவே தேவையில்லை.

ஃபிளாவனாய்டுகளின் பாடு இன்னும் சிக்கல். டயோஸ்மின் அப்படியே குடலில் ஏறாது. பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டிய பிறகு கிடைக்கும் டயோஸ்மெட்டின்தான் உள்ளே போகும், போனதும் கல்லீரல் அதை மேலும் மாற்றும். துகளின் அளவும் முக்கியம். 2002-இல் 12 ஆரோக்கியமான ஆண்களிடம் கதிரியக்கக் குறியிட்ட டயோஸ்மினைக் கொடுத்துப் பார்த்தபோது, 2 மைக்ரோமீட்டர் அளவுக்கு நுண்ணியதாக அரைத்ததில் சுமார் 58 சதவீதக் குறியீடு சிறுநீரில் வந்தது. சாதாரணத் துகளில் சுமார் 33 சதவீதம். சோதனைகளில் அதிகம் ஆராயப்பட்டது நுண்துகளாக்கிய வகை, ஒரு மாத்திரையில் 450 மில்லிகிராம் டயோஸ்மினும் 50 மில்லிகிராம் மற்ற ஃபிளாவனாய்டுகளும், நாளுக்கு இரண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அரைப்பு வேறானால் அது வேறு மருந்து. மூலிகைச் சாறு வாங்கும் பலரும் செடியின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள்.

மற்ற செடிகள், வேகமாக

பில்பெரிப் பழச் சாறு விழித்திரைத் தந்துகிகளைக் காத்து இரவுப் பார்வையைக் கூட்டும் என்பார்கள், இரண்டாம் உலகப் போர் விமானிகளின் பெயரையும் இழுப்பார்கள். 2000-இல் வந்த சிறிய சோதனை ஒன்றில் 21 நாள் கொடுத்தும் இரவுப் பார்வை மாறவில்லை. ஜின்கோ இலைச் சாறு மூளை நுண்குழாய்களுக்கு நல்லது என்ற பேச்சு உண்டு. 2008-இல் வெளியான, 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பல ஆண்டு தொடர்ந்த அமெரிக்கச் சோதனையில் மறதிநோய் வருவது குறையவில்லை. பைன் பட்டைச் சாறு பற்றி 2020 காக்ரேன் தொகுப்பு 27 சோதனைகளைப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. மூலநோயில் ரத்தம் வருவதற்கு ஃபிளாவனாய்டுகள் உதவுவதாக 2012 தொகுப்பு ஒன்று சொல்கிறது. அதுவும் சிரை தொடர்பான தொந்தரவுதான் என்பதைக் கவனிக்கலாம்.

1936 கோரிக்கைக்கு மிக நெருக்கமாக வருவது, வயதானவர்களின் முன்கையில் லேசாக இடித்தாலே வரும் ஊதாத் திட்டுகளுக்கு எலுமிச்சை இனப் பயோஃபிளாவனாய்டு கலவை கொடுத்துப் பார்த்த 2011 சோதனை. சுமார் 70 பேர், 6 வாரம், இரட்டை மறைப்பு. திட்டுகள் பாதியாகக் குறைந்தன. சுவாரசியமான முடிவு. ஆனால் இவ்வளவு சிறிய, இவ்வளவு குறுகிய ஒரு சோதனையை வைத்துப் பழைய வாக்கியத்துக்கு உயிர் கொடுக்க நான் தயாரில்லை. அங்கேயும் கடைசியில் எண்ணியது தோலிலுள்ள நிறத்தைத்தான்.

நுண்குழாய் நோய் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை நோய். அங்கே நிலைமை தெளிவானது. 1993-இல் வெளியான டி.சி.சி.டி ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், ஆரம்பத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. தாவரச் சாறு எதுவும் இதன் அருகில்கூட வந்ததில்லை. விழித்திரைக்கென்று சாறு வாங்குபவர் அந்தக் கவனத்தைச் சர்க்கரை அளவிலும் ரத்த அழுத்தத்திலும் செலுத்துவது மேல்.

சாறு வாங்கும் முன்

கால் வீங்குகிறது என்று சொல்லிச் சாறு கேட்பவரிடம் முதலில் பார்க்க வேண்டியது வீக்கத்தின் காரணம். அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை தந்துகிக்கு முன்னாலுள்ள நுண்தமனிகளை விரிக்கும், பின்னாலுள்ள சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. நடுவிலுள்ள தந்துகியில் அழுத்தம் ஏறி, கணுக்கால் வீங்கும். சுவரில் குறையே இல்லை. இதற்கு மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வேண்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டு. இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளிலும் கால் வீங்கும். ஒரே கால் மட்டும் சட்டென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தட்டணு எண்ணிக்கை பார்ப்பதுதான் முதல் வேலை.

காரணம் சிரைதான் என்று உறுதியாகி, காலுறை போட முடியாத நிலையும் இருந்தால், ஈசின் அளவு எழுதப்பட்ட தரப்படுத்திய ஹார்ஸ் செஸ்ட்நட் சாறோ நுண்துகள் டயோஸ்மினோ இரண்டு, மூன்று மாதம் எடுத்துப் பார்க்கலாம். தொடங்கும் முன் கணுக்காலுக்கு மேலே ஓர் இடத்தைக் குறித்து நாடாவால் சுற்றளவை அளந்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. மாதங்கள் கழித்து எண் மாறவில்லை, கனமும் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

செடியை நேரடியாகத் தின்று பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஹார்ஸ் செஸ்ட்நட்டின் பச்சை விதையிலும் பட்டையிலும் இலையிலும் ஈஸ்குலின் என்ற நச்சு இருக்கிறது. மருந்தாக விற்கும் சாற்றில் அதை நீக்கியிருப்பார்கள். ரஸ்கஸ் கலந்த மாத்திரைகளால் சிலருக்கு நீடித்த வயிற்றுப்போக்கும் பெருங்குடல் அழற்சியும் வந்தது பதிவாகியிருக்கிறது, நிறுத்தினால் சரியாகும். ஜின்கோவிலுள்ள ஜின்கோலைடு தட்டணுக்களைத் தூண்டும் காரணி ஒன்றைத் தடுப்பதால், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் சாப்பிடும் எல்லா மூலிகை மாத்திரைகளின் பெயரையும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.